அப்பாருக்கு வயசு என்ன?

சேலம், நாமக்கல் பக்கத்து ஊர்களில் ஒரு பெரியவர் தவறிவிட்டால் பொழுது சாய்வதற்குள் தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் நின்றுவிடும். பெயர், ஊர், மகன் மகள் பேரன் பேத்தி வரிசை, கூடவே வயது. அந்த வயதுக்கு எழவு வீட்டிலேயே நாலு கணக்கு இருக்கும். ஆதார் ஒன்று சொல்லும், மூத்த மகள் ஒன்று சொல்வார், பங்காளி ஒருவர் "எனக்கு ரெண்டு வருசம் மூப்பு" என்பார். காரியம் முடிந்து பந்தலைப் பிரித்ததும் பேச்சு அடங்கிவிடும். அத்தனை வருசம் வாழ்ந்த மனிதருக்கு மிஞ்சுவது அந்த ஃப்ளெக்ஸ் மட்டும் என்றால் மனசு கேட்கவில்லை. கொஞ்சம் மெனக்கெட்டால் அவருடைய வாழ்க்கையில் பெரும்பகுதியை மீட்டுவிடலாம்.

வயதில் ஏன் இத்தனை குழப்பம்? இன்று நடைமுறையில் இருக்கும் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969-இல் வந்தது. அதற்கு முன்பும் பதிவு உண்டு. கிராமத்தில் மணியக்காரர் எழுதி வைப்பார். ஆனால் பிறந்த சில நாளில் எழுதியதால் பல பதிவுகளில் குழந்தைக்குப் பெயரே இருக்காது. "ஆண்" என்றும் தகப்பன் பெயரும்தான் இருக்கும். அதனால் பேரைச் சொல்லித் தேடினால் கிடைக்காது, தகப்பன் பேரைச் சொல்லித் தேட வேண்டும். பள்ளிக்கூடத்துக் கணக்கோ வேறு விதம். தலைக்கு மேலே கையைச் சுற்றிக் காதைத் தொட்டால் ஐந்து வயது. வாத்தியார் ஜூன் மாதத்துக்குத் தோதாக ஒரு தேதி போட்டுக்கொள்வார். பிறகு ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, ஆதார் என்று அந்தத் தேதியே நிலைத்துவிட்டது.

பெரியவர்கள் காலத்தை வைத்திருந்தது வேறு இடத்தில். "நீங்க எந்த வருசம் பொறந்தீங்க?" என்று கேட்டால் பதில் வராது. "மேட்டூர் அணை கட்டினது நெனப்பிருக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். அந்த அணை வேலை 1925-இல் தொடங்கி 1934-இல் முடிந்தது. "எங்கய்யன் அங்க கல்லுச் சொமக்கப் போனாரு, நான் கைக்கொழந்த" என்று ஒரு வார்த்தை வந்தால் போதும், பத்து வருசத்துக்குள் பிடித்துவிடலாம். இன்னொன்று மதுவிலக்கு. ராஜாஜி முதல்வராக இருந்தபோது 1937 அக்டோபர் 1-ஆம் தேதி முதன்முதலாகச் சேலம் மாவட்டத்தில்தான் அதைக் கொண்டுவந்தார். அன்றைய சேலம் மாவட்டம் என்பது இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் சேர்ந்தது. கள்ளுக்கடை மூடிய கதை எல்லா வீட்டிலும் இருக்கும். ஆனால் எழுபதுகளில் கடைகளைத் திறந்து மறுபடி மூடியதும் உண்டு, "வெள்ளக்காரன் இருந்தப்பவா?" என்று ஒரு கேள்வி சேர்த்துக் கேட்டுவிட வேண்டும்.

தமிழ் வருசப் பெயர்களில் ஒரு பொறி இருக்கிறது. அறுபது வருசத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பும். "தாது வருசம்" என்றதும் 1876-78 பெரும்பஞ்சத்துக்கு ஓடிவிடக் கூடாது. தொண்ணூறை ஒட்டிய ஒருவர் தன் பிறப்பைச் சொன்னால் அது 1936-37. பஞ்சத்துக் கதை அவருடைய தாத்தாவுடையது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லுவார், நாம்தான் பிரித்து எழுத வேண்டும்.

என்னைக் கேட்டால், இந்தச் சமவெளியில் ஒரு குடியானவரின் வரலாறு அவருடைய கிணற்றில் இருக்கிறது என்பேன். வீட்டு டிரங்குப் பெட்டியில் கிடக்கும் பாகப்பத்திரத்தை எடுத்துப் படியுங்கள். "கிணற்றில் பொதுவில் 3-இல் 1 பங்கும், தண்ணீர் இறைக்கும் முறைப் பாத்தியமும், மாமூல் வண்டித்தடப் பாத்தியமும்" என்கிற மாதிரி வரும். அண்ணன் தம்பிகள் மூன்று பேர், ஒருவருக்கு ஒரு நாள் முறை என்பது அதில் தெரிந்துவிடும். நான்கு எல்லைகளைப் படித்தால் அந்தக் காலத்து அக்கம்பக்கம் முழுவதும் வரிசையாக வந்து நிற்கும். பழைய பத்திரத்தில் கவலை இறைப்பு இருக்கும்: மாடு முன்னும் பின்னும் நடக்க, வடத்தில் சால் ஏறி இறங்கும் கிணறு. அடுத்த பத்திரத்தில் மின்மோட்டாரும் சர்வீஸ் நம்பரும் சேர்ந்திருக்கும். இரண்டு தேதிக்கும் நடுவில்தான் அந்த வீட்டில் மாடு இறைப்பிலிருந்து விடுபட்டது. அதற்கும் பிறகு ஆழ்துளைக் கிணறு. பாறை பூமி இது, வெடி வைத்துக் கிணறு தோண்டிய தலைமுறை. அதே ஆட்களின் பிள்ளைகள்தான் திருச்செங்கோட்டிலிருந்து ரிக் வண்டிகளை ஓட்டிக்கொண்டு இந்தியா முழுக்கப் போனார்கள். சாலும் ரிக்கும் ஒரே ஆயுளுக்குள் அடங்கிவிட்டன.

பத்திரத்தோடு மொய் நோட்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஊர்வாரியாக யார் யார் எவ்வளவு எழுதினார்கள் என்பதில் அவருடைய உறவும் சிநேகமும் பண்டம் வாங்கிய சந்தையும்கூடத் தெரியும்.

ஆனால் பத்திரம் இருப்பவர்களுக்குத்தான் இந்த வழி. பண்ணையத்துக்கு இருந்தவர்கள், ஆடு மேய்த்தவர்கள், செருப்புத் தைத்தவர்கள் பெயரில் நிலமும் இல்லை, பத்திரமும் இல்லை. சால் இழுத்த மாட்டை ஓட்டியவர் பெயர் கிணற்றுப் பத்திரத்தில் எங்கும் வராது. பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' நாவல் அப்படிப் பண்ணையத்தில் விடப்பட்ட சக்கிலியச் சிறுவர்களின் வாழ்க்கையைத்தான் சொல்கிறது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-இல்தான் வந்தது. அதற்கு முன் வருசக் கூலிக்குப் பேசிவிடப்பட்ட பையன்கள் பலர் இன்று எழுபதைத் தாண்டியிருக்கிறார்கள். யார் பண்ணையத்தில், எத்தனை வருசம், கூலியாக எத்தனை வள்ளம் தானியம் என்று அவர்களே சொன்னால்தான் உண்டு. முதலில் போய்க் கேட்க வேண்டிய வீடுகள் இவை.

காவிரிக்கரை மோகனூரில் 1888-இல் பிறந்த வெ. இராமலிங்கம் பிள்ளை 'என் கதை' என்று தன் வாழ்க்கையைத் தானே எழுதினார். போலீஸ்காரர் மகனுக்கு எழுத்து கைவந்தது, நாமக்கல் கவிஞர் ஆனார். அந்தக் காலத்து ஊரும் நமக்குக் கிடைத்தது. அவர் காலத்தில் அதே ஊரில் ஏர் ஓட்டியவர்கள் எழுதவில்லை.

கேட்கப் போகிறவர்கள் பெரியவரிடம் மட்டும் கேட்டு நிறுத்த வேண்டாம். ஆம்பளைகள் நிலத்தையும் வழக்கையும் சொல்வார்கள். எந்தப் பஞ்சத்தில் நகை அடகுக்குப் போனது, எந்தக் குழந்தை தங்கவில்லை, எந்த மாட்டை விற்றபோது அவர் மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தார் என்பதெல்லாம் ஆத்தாவுக்கும் அவர் தங்கச்சிக்கும்தான் தெரியும். செல்போனில் பதிவு செய்துகொள்ளுங்கள், எழுத்திலும் வையுங்கள். பழைய போட்டோவின் பின்பக்கம் பென்சிலால் பெயர் எழுதுங்கள், இடமிருந்து வலமாக.

தவறிவிட்டவருக்கென்றால் 21 நாளுக்குள் இறப்பைப் பதிவு செய்துவிடுங்கள். பெயரும் தகப்பன் பெயரும் பட்டாவில் இருக்கிறபடியே இருக்கட்டும். ஒரு எழுத்து மாறினாலும் வாரிசுச் சான்றுக்கு அலைய நேரும். வயதுக் கட்டத்தில் ஆதாரில் உள்ளதைத்தான் எழுத வேண்டியிருக்கும். கேட்டுத் தெரிந்துகொண்ட வயதை மொய் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி, எப்படிக் கண்டுபிடித்தோம் என்பதையும் கீழே குறித்து வைக்கலாம்.