திருமண விருந்தில் முதல் நடனம்: வால்ட்ஸா, ரும்பாவா?

கேக் வெட்டி, ‘யாம் செங்’ முழக்கம் ஓய்ந்த பிறகு மணமக்கள் கைகோத்து ஆடும் முதல் நடனம் நம்மவர் திருமண விருந்துபசரிப்புகளிலும் இடம்பெறத் தொடங்கிவிட்டது. யூடியூப்பில் ஒரு காணொளியைப் பார்த்து, “இதே மாதிரி ஆட வேண்டும்” என்று நடன ஆசிரியரிடம் போய் நிற்பவர்கள் அதிகம். காணொளியில் வரும் பெண் கவுன் அணிந்திருப்பார்; தரை வழுவழுப்பான மரத்தரையாக இருக்கும். நம் மணப்பெண்ணோ ஆறு கெஜப் பட்டில் இருப்பார். ஹோட்டல் மண்டபத்தில் கம்பளம் விரித்திருக்கும். ஆகவே காணொளியை ஒதுக்கிவிட்டு, பாட்டின் தாளம், உடுத்தும் உடை, ஆடும் தரை ஆகியவற்றைப் பார்த்து நடனத்தைத் தேர்ந்தெடுப்பதே பாதுகாப்பு.

முதலில் பாட்டு. பரதமோ மிருதங்கமோ சிறிது கற்றவர் உறவில் ஒருவராவது இருப்பார். அவரைப் பாட்டை எண்ணச் சொல்லுங்கள். ‘தகிட, தகிட’ என்று மூன்று மூன்றாக விழுந்தால் திஸ்ரம். அது வால்ட்ஸ் நடனத்துக்குரியது. ‘தகதிமி’ என்று நான்காக விழுந்தால் சதுஸ்ரம்; ரும்பா, சா-சா, ஃபாக்ஸ்ட்ராட் ஆகியவை இதில் அடங்கும். நாம் விரும்பும் மெல்லிசைக் காதல் பாடல்களில் பல நான்கின் கணக்கில் அமைந்தவை. அவற்றுக்கு வால்ட்ஸ் ஆட முயன்றால் மூன்றாம் அடிக்குப் பிறகு கால் தடுமாறும். எவ்வளவு நல்ல ஆசிரியராலும் இதைச் சரிசெய்ய முடியாது.

அடுத்து வேகம். கடிகாரத்தை வைத்துக்கொண்டு, காலால் இயல்பாகத் தட்ட வரும் ஒவ்வொரு தட்டுக்கும் ஓர் அசை என எண்ணுங்கள். நிமிடத்துக்கு ஏறக்குறைய 30 ‘தகிட’ வந்தால் மெதுவான வால்ட்ஸ். 60ஐ நெருங்கினால் அது வியன்னா வால்ட்ஸ், புதியவர்களுக்குத் தலைசுற்றும். நம் குத்துப் பாடல்களிலும் மூன்றின் கணக்கில் ஓடுபவை உண்டு. ஆனால் அவற்றின் ஓட்டம் இதைவிட வேகம். எல்லாரும் சேர்ந்து ஆடும் நேரத்துக்கு அவற்றை வைத்துக்கொள்ளலாம். சதுஸ்ரத்தில் நிமிடத்துக்கு 25 முதல் 27 ‘தகதிமி’ என்றால் ரும்பா, 30 முதல் 32 என்றால் சா-சா. ஓரிரண்டு கூடினாலும் குறைந்தாலும் பாதகமில்லை. இது போட்டி மேடை அல்ல.

உடைதான் பலரும் கடைசியில் யோசிப்பது. இணைந்து ஆடும்போது ஆணின் வலக்கை, பெண்ணின் இடது தோள்பட்டைக்குக் கீழே முதுகில் இருக்கும். சேலையின் முந்தானை விழுவதும் அதே இடத்தில்தான். அவர் கை முந்தானையை அழுத்திக்கொண்டிருக்க, இவர் சுழன்றால் தோளில் குத்திய ஊக்கு இழுபடும். முந்தானையை மடித்துக் குத்தி, தொங்கும் பகுதியை முன்னால் கொண்டுவந்து இடுப்பில் செருகினால் இந்தத் தொல்லை இல்லை. மாலையைக் கழற்றி வைத்துவிடுங்கள். வால்ட்ஸில் இன்னொரு சிக்கல் உண்டு: பெண் பின்னோக்கி நீண்ட அடி வைக்கும்போது ஆண் முன்னேறி வருவார். கொசுவம் நீண்ட அடிக்கு இடம் தராது. சேலைக் கரை தரையைத் தொட்டால் மாப்பிள்ளையின் சப்பாத்து அதன்மேல் ஏறும். ரும்பாவில் அடி சிறியது, பெரும்பாலும் ஒரே இடத்தைச் சுற்றித்தான் ஆடுவார்கள். ஆகவே சேலை என்று முடிவானால் என் தேர்வு ரும்பா. விருந்துக்குக் கவுனோ லெஹங்காவோ அணிவதானால் வால்ட்ஸ் மிக அழகாக இருக்கும். எதுவானாலும், பழைய சேலையும் அன்று போடப்போகும் உயரத்திலேயே குதிகால் செருப்பும் அணிந்து பழகுங்கள்.

கம்பளத்தில் உடல் திரும்பும், பாதம் திரும்பாது. முழங்கால்தான் அந்த முறுக்கைத் தாங்க வேண்டியிருக்கும். ஹோட்டலை முன்பதிவு செய்யும்போதே தற்காலிக நடனத்தளம் போடுவார்களா, அதன் அளவென்ன, தனிக் கட்டணம் உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் சுழற்சிகளைக் குறைக்கச் சொல்லுங்கள்.

பெரியவர்கள் முகம் சுளிப்பார்களோ என்ற தயக்கமும் நியாயமானதே. கியூபாவிலிருந்து வந்த ரும்பாவுக்குக் காதல் நடனம் என்றே பெயர்; இடுப்பசைவும் உண்டு. ஆனால் அதை இரு கைகளை மட்டும் பற்றிக்கொண்டும் ஆடலாம். இன்று கண்ணியமாகத் தோன்றும் வால்ட்ஸையே ஐரோப்பாவில் ஒரு காலத்தில், ஆணும் பெண்ணும் இவ்வளவு நெருங்கி நிற்பதா என்று கண்டித்தார்கள். பயிற்சியின் பாதியிலேயே பெற்றோரிடம் ஒருமுறை ஆடிக் காட்டிவிட்டால் மேடையில் அதிர்ச்சி இருக்காது. தொடவே வேண்டாம் என்ற குடும்பங்களுக்கு நம் நாட்டு ஜோகெட் இருக்கிறதே! போர்த்துகீசியத் தொடர்புடன் மலாக்காவில் வளர்ந்த இந்த நடனத்தில் ஆணும் பெண்ணும் எதிரெதிரே தொடாமல் ஆடுவது வழக்கம். மலாய், சீன நண்பர்களும் தாமாக எழுந்து வந்து சேர்ந்துகொள்வார்கள். பால்ரூம் இல்லைதான், அதனால் என்ன?

டாங்கோவைத் திரையில் ரசிப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இரண்டு அல்லது இரண்டரை நிமிட ஆட்டம் போதும். அதற்கு ஒரு மணி நேர வகுப்புகள் எட்டு போதுமானவை. திரைப்பாடல்களில் இடையிசை வரும்போது தாளம் மாறுவதுண்டு. அந்தப் பகுதியை நீக்கிப் பாட்டைச் சுருக்கி, அதே பிரதியைக் கொண்டுதான் பழக வேண்டும். டிஜேயிடம் பெயரை மட்டும் சொன்னால் முழுப் பாட்டையும் போட்டுவிடுவார்; மீதி மூன்று நிமிடத்துக்கு உங்களிடம் அடி இருக்காது. சுருக்கிய பிரதியைப் பென் டிரைவில் ஒன்று, தோழியின் கைத்தொலைபேசியில் ஒன்று வைத்திருந்து, அன்று மாலை ஒலிச் சோதனையின்போது ஒருமுறை முழுதாக ஓடவிட்டுக் கேளுங்கள்.