ஓசோன் உடன்படிக்கை: மாண்ட்ரியலிலிருந்து மெக்கானிக் பட்டறை வரை

ஓசோன் படலத்தைக் காப்பதற்கான மாண்ட்ரியல் உடன்படிக்கை 1987 செப்டம்பர் 16 அன்று கனடாவில் கையெழுத்தானது. 2009-ல், ஐ.நா. வரலாற்றில் உலக நாடுகள் அனைத்தும் ஏற்றுக்கொண்ட முதல் உடன்படிக்கை என்ற பெயரைப் பெற்றது. இன்று ஐரோப்பிய ஒன்றியத்தையும் சேர்த்து அதில் 198 உறுப்பினர்கள் உள்ளனர். அது கட்டுப்படுத்திய ஓசோன் சிதைப்புப் பொருள்களில் ஏறத்தாழ 99 சதவீதம் புழக்கத்திலிருந்து நீங்கிவிட்டன. மற்றச் சுற்றுச்சூழல் உடன்படிக்கைகள் பல காகிதத்தோடு நின்றுபோக, இது தொழிற்சாலைக்கும் வயலுக்கும் தெருமுனைப் பட்டறைக்கும் போய்ச் சேர்ந்தது. தடையோடு சேர்த்து, தடைசெய்த பொருளுக்கு மாற்று என்ன, அதை எப்படிக் கையாள்வது என்ற அறிவையும் அதற்கான பணத்தையும் கொண்டுசேர்க்கும் ஏற்பாடு அதற்குள்ளேயே இருந்ததே இதற்கு முக்கியக் காரணம்.

தீங்கு தெரியாத வாயு

தரையிலிருந்து சுமார் 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்தில் ஓசோன் வாயு செறிந்திருக்கிறது. தோல் புற்றுநோய், கண்புரை, பயிர்ச் சேதம் ஆகியவற்றுக்குக் காரணமாகும் புறஊதாக் கதிர்களின் பெரும்பகுதியை அது தடுத்துவிடுகிறது. குளோரோஃபுளோரோகார்பன், சுருக்கமாக சி.எஃப்.சி., இந்தப் படலத்துக்கு எதிரியாகும் என்று அதை உருவாக்கியபோது யாரும் நினைக்கவில்லை. தீப்பிடிக்காது, நச்சு இல்லை, விலையும் மலிவு. ஆகவே ஃபிரிட்ஜ், ஏ.சி., ஸ்பிரே டப்பா, ஃபோம் மெத்தை, மின்னணுப் பலகைகளைச் சுத்தம் செய்யும் திரவம் என்று எல்லாவற்றிலும் அது நுழைந்தது.

1974-ல் மாரியோ மொலினா, ஷெர்வுட் ரோலண்ட் ஆகிய இரு வேதியியலாளர்கள் இதன் மறுபக்கத்தை எடுத்துக்காட்டினர். கீழே எதனோடும் வினைபுரியாத சி.எஃப்.சி. மெல்ல மேலே போகிறது; அங்கே புறஊதாக் கதிர் பட்டுச் சிதைந்து குளோரினை வெளிவிடுகிறது; அந்தக் குளோரின் ஓசோனை அழிக்கிறது. சில வகை சி.எஃப்.சி. நூறாண்டு வரை காற்றில் தங்கும். 1985 மே மாதத்தில் பிரிட்டிஷ் அண்டார்க்டிக் ஆய்வு நிறுவனத்தின் ஜோசப் ஃபார்மன் குழுவினர், அண்டார்க்டிகாவுக்கு மேலே வசந்த காலத்தில் ஓசோன் பெருமளவு குறைந்துபோவதை அளந்து வெளியிட்டனர். ‘ஓசோன் துளை’ என்று உலகம் பேசத் தொடங்கியது அதன் பிறகுதான்.

முதலில் தகவல், பிறகு கட்டுப்பாடு

1972-ல் தொடங்கப்பட்டு நைரோபியைத் தலைமையிடமாகக் கொண்ட ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம், துளை தெரியவருவதற்கு முன்பே இந்த விஷயத்தைக் கையில் எடுத்திருந்தது. அதன் தலைவராக இருந்த எகிப்திய அறிவியலாளர் முஸ்தஃபா டோல்பா பல ஆண்டுகள் விஞ்ஞானிகளையும் அரசுகளையும் ஒரே மேசையில் உட்காரவைத்தார். அதன் விளைவாக 1985 மார்ச்சில் வியன்னா உடன்படிக்கை உருவானது. அதில் எந்த வாயுவையும் குறைக்கச் சொல்லும் கட்டளை இல்லை. ஆராய்ச்சி, கண்காணிப்பு, தகவல் பரிமாற்றம் ஆகியவற்றில் நாடுகள் ஒத்துழைக்க வேண்டும் என்பதே அதன் சாரம். இரண்டே ஆண்டுகளில் மாண்ட்ரியலில் குறைப்புக்கு இணங்க முடிந்ததற்கு, எல்லாத் தரப்பும் ஒரே அளவீடுகளை முன்வைத்துப் பேசியது உதவியது.

சி.எஃப்.சி. விஷயத்தில் மாண்ட்ரியலின் முதல் வடிவம் கேட்டது, பாதியாகக் குறைப்பதை மட்டுமே. ஆனால் குறைந்தது நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை புதிய அறிவியல், தொழில்நுட்ப, பொருளாதாரத் தகவல்களைக் கொண்டு கட்டுப்பாடுகளை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்ற விதியும் அதில் இருந்தது. அதற்காக நிபுணர் குழுக்கள் அமைந்தன. ஒன்று வளிமண்டலத்தை ஆராயும். இன்னொன்று உயிர்களின் மீதான விளைவைப் பார்க்கும். மூன்றாவது தொழில்நுட்பத்தையும் செலவையும் மதிப்பிடும். இந்த மூன்றாவது குழுவில் தொழிற்சாலைப் பொறியாளர்களே பலர் இருந்தார்கள். மாற்று வழி இல்லை என்று ஒரு நிறுவனம் சொன்னால், அதே துறையில் மாற்றைக் கண்டுவிட்ட இன்னொரு நிறுவனத்தின் பொறியாளர் அதே அவையில் இருப்பார்.

மின்னணுத் தொழில் இதற்கு நல்ல உதாரணம். மின்சுற்றுப் பலகைகளைக் கழுவ சி.எஃப்.சி.-113 இல்லாமல் முடியாது என்று கருதப்பட்டது. 1988-ல் அமெரிக்காவின் ஏ.டி. அண்ட் டி. நிறுவனம், எலுமிச்சை இனப் பழத்தோலில் கிடைக்கும் டெர்ப்பீன் வகைக் கரைப்பானை மாற்றாக அறிவித்தது. பிறகு, கழுவவே தேவையில்லாத சால்டரிங் முறைகளும் வந்தன. பெரிய நிறுவனங்கள் ஒன்றுசேர்ந்து இந்த முறைகளைக் கட்டணமின்றிப் பகிர்ந்துகொள்ள ஓர் அமைப்பையே தொடங்கின. இப்படிக் கிடைத்த நம்பிக்கையில்தான் 1990-ல் லண்டனிலும் 1992-ல் கோபன்ஹேகனிலும் கெடுக்கள் இறுக்கப்பட்டன. வளர்ந்த நாடுகள் 1996-க்குள் சி.எஃப்.சி.யை முழுதாக நிறுத்துவது என்று முடிவாயிற்று.

பணமில்லாமல் அறிவு நகராது

இந்தியாவும் சீனாவும் தொடக்கத்தில் சேரவில்லை. ஓசோனைச் சிதைத்தவர்கள் பணக்கார நாட்டினர். அப்போதுதான் ஃபிரிட்ஜ் வாங்கத் தொடங்கிய நாடுகள் ஏன் விலை கொடுக்க வேண்டும் என்பது அவற்றின் கேள்வி. ஓசோன் சிதைப்புப் பொருள்களைத் தலைக்கு ஆண்டுக்கு 0.3 கிலோவுக்குக் குறைவாகப் பயன்படுத்தும் வளரும் நாடுகளுக்குப் பத்தாண்டு அவகாசம் தரப்பட்டிருந்தது. ஆனால் அவகாசம் மட்டும் போதுமானதாக இல்லை. 1990-ல் லண்டன் கூட்டத்தில் இந்தியாவின் சுற்றுச்சூழல் அமைச்சர் மேனகா காந்தி நிதியும் தொழில்நுட்பமும் வேண்டும் என்று உறுதியாக வாதிட்டார். அங்கே பலதரப்பு நிதியம் உருவாக்கப்பட்டது. முதல் மூன்று ஆண்டுகளுக்கு 16 கோடி டாலர். இந்தியாவும் சீனாவும் சேர்ந்தால் 24 கோடி என்று கணக்கிடப்பட்டது. 1991-ல் சீனாவும் 1992-ல் இந்தியாவும் சேர்ந்தன.

நிதியத்தின் செயற்குழுவில் வளர்ந்த நாடுகள் ஏழு, வளரும் நாடுகள் ஏழு. கொடுப்பவர் மட்டுமே முடிவெடுக்கும் வழக்கமான உதவிகளிலிருந்து இது வேறுபட்டது. பழைய முறையை விட்டுப் புதியதற்கு மாறுவதால் ஒரு தொழிற்சாலைக்கு ஏற்படும் கூடுதல் செலவை நிதியம் ஏற்கிறது. ஐ.நா. வளர்ச்சித் திட்டம், ஐ.நா. தொழில் வளர்ச்சி அமைப்பு, உலக வங்கி ஆகியவை தொழிற்சாலைகளை மாற்றும் பணிகளைச் செய்தன. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்துக்குத் தகவல், பயிற்சி, நாடுகளை இணைத்தல் என்ற பொறுப்பு வந்தது.

ஒவ்வொரு வளரும் நாட்டிலும் அரசுக்குள் ஓர் ஓசோன் பிரிவு அமைக்க நிதியம் பணம் தந்தது. இந்தியாவில் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தில் இயங்கும் ‘ஓசோன் செல்’ அத்தகையது. இந்த அதிகாரிகள் வட்டார வாரியாகக் கூடிப் பேச வலையமைப்புகள் ஏற்பட்டன. முதலாவது, 1993-ல் ஸ்வீடன் நிதியுதவியுடன் தென்கிழக்கு ஆசியாவில் தொடங்கியது. இறக்குமதி உரிமத்தை எப்படி எழுதுவது, கள்ளக்கடத்தலை எப்படிப் பிடிப்பது என்று ஒரு நாட்டு அதிகாரி அடுத்த நாட்டு அதிகாரியிடம் நேரடியாகக் கேட்டுக்கொண்டார். சிலிண்டருக்குள் இருக்கும் வாயு எது என்று காட்டும் கருவிகள் சுங்கத்துறையினருக்கு வழங்கப்பட்டன. உரிமம் பெற்ற வணிகர்களின் பட்டியலை ஏற்றுமதி நாடும் இறக்குமதி நாடும் சரக்கு கிளம்புவதற்கு முன்பே ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளும் முறையும் வந்தது.

பட்டறையிலும் வயலிலும்

தொழிற்சாலைகளை மாற்றுவது எளிது, அவற்றை எண்ணிவிடலாம். ஃபிரிட்ஜ், ஏ.சி. பழுதுபார்க்கும் பட்டறைகள் அப்படியல்ல. மிச்சமிருக்கும் கேஸைக் காற்றில் திறந்துவிட்டு, புதிதாக கேஸ் ஏற்றுவதே அங்கே வழக்கமாக இருந்தது. கேஸ் லீக் ஆகும் இடத்தைக் கண்டுபிடித்து அடைப்பது, பழைய வாயுவைச் சிலிண்டரில் மீட்டுத் திரும்பப் பயன்படுத்துவது, புதிய வாயுவைப் பாதுகாப்பாகக் கையாள்வது ஆகியவற்றில் மெக்கானிக்குகளுக்குப் பயிற்சி தரப்பட்டது. இந்தியாவில் சுவிட்சர்லாந்து, ஜெர்மனி நாடுகளின் ஒத்துழைப்போடு இந்தப் பயிற்சிகள் நடந்தன. ஆஸ்துமா இன்ஹேலர்களுக்கான மருத்துவப் பயன்பாடு நீங்கலாக, 2008 ஆகஸ்ட் 1 முதல் இந்தியா சி.எஃப்.சி. உற்பத்தியை நிறுத்தியது. வளரும் நாடுகளுக்கான கெடுவைவிட இது 17 மாதம் முந்தியது.

அறிவு எப்போதும் அரசுகளின் வழியாகவே வரவில்லை. 1992-ல் கிரீன்பீஸ் அமைப்பு, முன்னாள் கிழக்கு ஜெர்மனியின் ஓர் ஆலையோடு சேர்ந்து, ஹைட்ரோகார்பன் வாயுவில் இயங்கும் ஃபிரிட்ஜை உருவாக்கியது. ஓசோனையும் கெடுக்காது, வெப்பமாக்குவதும் மிகக் குறைவு. காப்புரிமை போட்டுப் பூட்டாமல் விட்டதால் அந்தத் தொழில்நுட்பம் சீனா, இந்தியா உட்படப் பல நாடுகளுக்குப் பரவியது. இந்தியாவில் கோத்ரெஜ் நிறுவனம் அவ்வழியில் ஃபிரிட்ஜும், பின்னர் புரோப்பேன் வாயுவில் இயங்கும் ஏ.சி.யும் தயாரித்தது.

விவசாயத்தில் மண்ணைக் கிருமி நீக்கம் செய்யப் பயன்பட்ட மெத்தில் புரோமைடும் ஓசோனை அழிப்பது. இதற்கு ஒரே மாற்று கிடையாது. பயிருக்கும் மண்ணுக்கும் ஏற்ப வேறுபடும். பிரேசிலில் புகையிலை நாற்றுகளைத் தண்ணீரில் மிதக்கும் தட்டுகளில் வளர்த்தார்கள். மொராக்கோவில் செடிகளை நோய் தாங்கும் வேரில் ஒட்டுக் கட்டினார்கள். இலங்கையின் தேயிலைத் துறையும் நிதியத்தின் திட்டத்தின் உதவியோடு இந்த வாயுவைக் கைவிட்டது.

தவறிய இடங்கள்

இந்த ஏற்பாடு குறையற்றதாக இருக்கவில்லை. சி.எஃப்.சி.க்குப் பதிலாகப் பரவலாகக் கொண்டுவரப்பட்ட எச்.எஃப்.சி. வாயுக்கள் ஓசோனைத் தொடாதவை. ஆனால் புவியை வெப்பமாக்குவதில் கார்பன் டை ஆக்சைடைவிடப் பல நூறு, பல ஆயிரம் மடங்கு வலிமை கொண்டவை. அவற்றைத் தயாரிக்கும் தொழில்நுட்பம் சில பன்னாட்டு நிறுவனங்களின் கையில் இருந்ததால், பகிர்வு என்ற சொல் வணிக ரகசியத்தின் வாசலில் நின்றுவிட்டது. விலைக்கும் எளிதில் கிடைக்காத நிலையில் இந்தியத் தொழில்துறை சொந்த ஆய்வில் இறங்க வேண்டியிருந்தது.

மீறல்களும் நடந்தன. எதிர்பார்த்த வேகத்தில் சி.எஃப்.சி.-11 குறையவில்லை என்று 2018-ல் விஞ்ஞானிகள் கண்டனர். தென்கொரியாவிலும் ஜப்பானிலும் உள்ள அளவீட்டு நிலையங்களின் தரவுகள், கூடுதல் உமிழ்வின் கணிசமான பகுதி கிழக்குச் சீனாவிலிருந்து வருவதாக 2019-ல் காட்டின. ஃபோம் தயாரிப்பே காரணம் என்று கருதப்பட்டது. சீனா நடவடிக்கை எடுத்தது. உமிழ்வு மீண்டும் இறங்கியது. திறந்த தரவு இல்லாதிருந்தால் இந்த மீறல் வெளியே தெரிந்திருக்காது.

அடுத்த சுற்று

2016 அக்டோபரில் ருவாண்டாவின் கிகாலி நகரில் உடன்படிக்கை திருத்தப்பட்டு, எச்.எஃப்.சி.யும் படிப்படியாகக் குறைக்கும் பட்டியலில் சேர்ந்தது. இது நிறைவேறினால் இந்த நூற்றாண்டின் முடிவுக்குள் 0.5 டிகிரி செல்சியஸ் வரை வெப்ப உயர்வைத் தவிர்க்கலாம் என்பது மதிப்பீடு. 2021-ல் கிகாலி திருத்தத்தை ஏற்ற இந்தியா, 2032-ல் குறைப்பைத் தொடங்கி 2047-க்குள் 85 சதவீதத்தை எட்ட வேண்டும். 2024 முதல் 2026 வரையிலான மூன்றாண்டுகளுக்கு நிதியத்துக்கு 96.5 கோடி டாலர் ஒதுக்கப்பட்டுள்ளது.

இம்முறை வேலை கடினமானது. புரோப்பேன் போன்ற மாற்று வாயுக்கள் எளிதில் தீப்பிடிக்கக்கூடியவை. அவற்றைத் தொடும் ஒவ்வொரு மெக்கானிக்குக்கும் பயிற்சி தேவை. பழைய சாதனங்களுக்குள் தேங்கியிருக்கும் வாயுவைச் சேகரித்து அழிக்கும் வசதி பல நாடுகளில் போதவில்லை. வெப்பம் கூடக் கூட ஏ.சி. விற்பனையும் கூடிக்கொண்டே போகிறது.

தற்போதைய கொள்கைகள் தொடர்ந்தால், ஓசோன் படலம் உலகின் பெரும்பகுதியில் 2040-ஐ ஒட்டியும், ஆர்க்டிக்கில் 2045-ஐ ஒட்டியும், அண்டார்க்டிகாவில் 2066-ஐ ஒட்டியும் 1980-ல் இருந்த நிலைக்குத் திரும்பும் என்று 2022-ஆம் ஆண்டு அறிவியல் மதிப்பீடு கணித்துள்ளது. அந்த மதிப்பீட்டைத் தயாரித்ததும், உடன்படிக்கையின் விதிப்படி நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை மதிப்பீடு செய்யும், வளிமண்டலத்தை ஆராயும் அதே குழுதான்.