உங்களுக்குத் தெரியுமா? பால் பல் கொடுத்தவரும் விஞ்ஞானிதான்!

விழுந்த பால் பல்லை நீங்கள் என்ன செய்தீர்கள்? கூரை மேல் வீசியிருப்பீர்கள். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரப் பிள்ளைகள் அதை விஞ்ஞானிகளிடம் கொடுத்தார்கள்! 1958-ல் தொடங்கிய வேலை. 12 ஆண்டுகளில் சேர்ந்த பற்கள் சுமார் 3,20,000!

எதற்கு? அணுகுண்டுச் சோதனையில் கிளம்பும் ஸ்ட்ரான்சியம்-90 என்ற கதிரியக்கப் பொருள் புல்லில் படியும். மாட்டுப்பாலில் இறங்கும். கடைசியில் குழந்தையின் பல்லில் போய் உட்கார்ந்துகொள்ளும்! 1950-ல் பிறந்த பிள்ளைகளைவிட 1963-ல் பிறந்த பிள்ளைகளின் பல்லில் அது எவ்வளவு அதிகம்? 50 மடங்கு!

அதே 1963-ல்தான் வளிமண்டலத்தில் அணுகுண்டு வெடிக்கத் தடை ஒப்பந்தம் வந்தது. அதற்கான வாதத்தில் இந்தப் பற்களும் சாட்சி சொல்லின! பல் கொடுத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பேட்ஜ்! இன்னொன்றையும் கேளுங்கள். மிச்சமிருந்த பற்களை எல்லோரும் மறந்தே போனார்கள். 2001-ல் ஒரு பழைய கிடங்கைத் திறந்தால், உள்ளே சுமார் 85,000 பற்கள்!

பொதுமக்களை ஆராய்ச்சிக்குத் துணை சேர்ப்பது இதைவிடப் பழைய கதை. எட்மண்ட் ஹாலியைத் தெரியும்தானே, வால்நட்சத்திரப் புகழ் ஹாலி? 1715-ல் முழு சூரிய கிரகணம். நிழல் எந்த ஊர் வழியாகப் போகும் என்று முன்கூட்டியே படம் போட்டு வெளியிட்டார். ‘பார்த்து நேரம் குறித்து அனுப்புங்கள்’ என்று பொதுமக்களையும் கேட்டுக்கொண்டார். அவர் கணக்கில் பிசகு எவ்வளவு? வெறும் 4 நிமிடம்!

கிறிஸ்துமஸ் அன்று பறவைகளைச் சுட்டுக் குவிப்பது அமெரிக்காவில் ஒரு போட்டியாகவே நடந்தது. ‘சுட வேண்டாம், எண்ணுவோம்’ என்றார் பறவையியலாளர் ஃபிராங்க் சாப்மன். 1900 டிசம்பர் 25. எண்ண வந்தவர்கள் 27 பேர். அந்தக் கணக்கெடுப்பு ஆண்டு தவறாமல் இன்றும் நடக்கிறது!

அடுத்தது எனக்கு மிகப் பிடித்தது. இங்கிலாந்தின் கெட்டரிங் ஊர்ப் பள்ளி. இயற்பியல் ஆசிரியர் ஜெஃப்ரி பெர்ரி. நகரும் பொருளிலிருந்து வரும் அலையின் சுருதி மாறித் தெரிவதுதான் டாப்ளர் விளைவு. அதைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு முடித்துவிட அவருக்கு மனமில்லை. ரேடியோவைத் திருகி, தலைக்கு மேல் பறக்கும் செயற்கைக்கோளின் சிக்னலையே மாணவர்களைக் கேட்க வைத்தார்! 1966-ல் ஒரு சோவியத் செயற்கைக்கோளின் பாதை புதிதாகத் தெரிந்தது. உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். கோடு எங்கே போய் முட்டியது தெரியுமா? பிளெசெட்ஸ்க்! வெளியுலகுக்குச் சொல்லாமல் மறைத்து வைத்திருந்த ராக்கெட் ஏவுதளம்! அப்படி ஓர் இடம் இருப்பதை சோவியத் அரசு ஒப்புக்கொண்டது 1983-ல்தான். பள்ளிப் பிள்ளைகள் 17 ஆண்டு முந்திவிட்டார்கள்!

மோனார்க் வண்ணத்துப்பூச்சிகள் குளிர்காலத்தில் எங்கே போகின்றன? பல ஆண்டுகளாகத் தேடினார் கனடாவின் ஃபிரெட் உர்க்வார்ட். இறக்கையில் குட்டிச் சீட்டு ஒட்டிப் பறக்கவிட ஊர் ஊராகத் தன்னார்வலர்களைச் சேர்த்தார். 1976-ல் மெக்சிகோ மலைக்காட்டில், கோடிக்கணக்கான பூச்சிகளுக்கு நடுவே, சீட்டு ஒட்டிய ஒன்று அவர் கண்ணில் பட்டது! ஒட்டியவர்கள் யார்? அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஓர் ஆசிரியரும் 2 பள்ளி மாணவர்களும்!

ஒன்பது புள்ளிப் பொறிவண்டு அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் ஒழிந்தே போனது என்று நினைத்தார்கள். 2006-ல் வர்ஜீனியாவில் அக்கா, தம்பி இருவர் கண்டுபிடித்துக் கொடுத்தார்கள். 14 ஆண்டுக்குப் பிறகு! அக்காவுக்கு வயது 11!

ஆராய்ச்சிக் கட்டுரை எழுத பிஎச்.டி. வேண்டுமா? பம்பிள் தேனீக்கள் நிறத்தையும் இடத்தையும் சேர்த்து நினைவில் வைக்குமா என்று இங்கிலாந்தின் பிளாக்காடன் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் சோதித்துப் பார்த்தார்கள். 2010-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழிலேயே கட்டுரை வந்துவிட்டது! படங்கள் கலர் பென்சிலில்! எழுதிய 25 பிள்ளைகளின் வயது 8 முதல் 10!

விண்மீன் மண்டலங்களின் படங்களை இணையத்தில் போட்டு, ‘வகை பிரித்துத் தாருங்கள்’ என்று 2007-ல் கேட்டது கேலக்ஸி ஜூ. முதல் ஆண்டிலேயே வந்து குவிந்த விடைகள் 5 கோடிக்கும் மேல்! அந்தப் படங்களில் ஒன்றில் விசித்திரமான வாயு மேகம். கண்டுபிடித்தவர் ஹானி வான் ஆர்கெல், நெதர்லாந்துப் பள்ளி ஆசிரியை. அந்த மேகத்துக்கு இன்று அவர் பெயர்தான்!

நம் நாட்டுக்கு வருவோம். மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத், 1972. 16 கிராமப்புறப் பள்ளிகளில் ஒரு துணிச்சல். பிள்ளைகள் தாங்களே சோதனை செய்து பார்த்து அறிவியல் படித்தார்கள். தேர்வில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதலாம்! மனப்பாடத்துக்கு அங்கே மார்க் இல்லை! பிறகு ஆயிரம் பள்ளி வரை பரவியது. 2002-ல் மாநில அரசு நிறுத்திவிட்டது. பெரிய தவறு என்றே சொல்வேன்.

அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது நம் அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது! பிரிவு 51ஏ. சேர்த்த ஆண்டு 1976. விஞ்ஞானிகளுக்கு மட்டும் இல்லை, ஒவ்வொரு குடிமகனுக்கும் அது கடமை!

தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு 1993 முதல் நடக்கிறது. உங்கள் ஊர்க் குளத்தையோ குப்பையையோ ஆராய்ந்து கட்டுரை படிக்கலாம். வயது 10 முதல் 17!

கேரளம் முழுக்க நடந்து நடந்து பறவைகளைக் கணக்கெடுத்தார்கள் தன்னார்வலர்கள். 2015 முதல் 2020 வரை. கிடைத்த பதிவுகள் சுமார் 3 லட்சம்! பறவை இனங்கள் 361!

தமிழ்நாட்டிலும் 2015 முதல் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு உண்டு! கட்டணம் இல்லை, பட்டம் தேவையில்லை. கரும்பு கடித்தபடி மொட்டை மாடியில் நின்று எண்ணி, இ-பேர்டு இணையதளத்தில் பதிவு செய்தால் போதும். அடுத்த பொங்கலுக்குப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மாடி ஏறுங்கள். ஆகும் நேரம் 15 நிமிடம்!