மோருக்குள் ஒரு காவல்



தைப்பூச காலத்தில் கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்திலிருந்து வெள்ளி ரதம் பத்துமலைக்குப் புறப்படும்போது, வழியில் தண்ணீர்ப் பந்தல்கள் அமைத்து நீர்மோர் வழங்குவதைக் கண்டிருப்பீர்கள். பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் வட்டாரங்களிலும் திருவிழா என்றால் மோர் உண்டு. அத்தகைய பந்தலொன்றில் தொண்டு செய்த இளைஞர் ஒருவர் என்னிடம், "ஐயா, காலையில் வாங்கிய பால் மாலையில் கெட்டுவிடுகிறது. தயிர் மட்டும் எப்படித் தாங்குகிறது?" என்று கேட்டார். நல்ல கேள்வி. முன்னாள் ஆசிரியன் என்ற முறையில் அதற்கு இங்கே விடை கூற விழைகிறேன்.

வெதுவெதுப்பான பாலில் நாம் உறை ஊற்றும்போது கோடிக்கணக்கான நல்ல பாக்டீரியாக்களைச் சேர்க்கிறோம். அவை பாலின் சர்க்கரையை உண்டு, லாக்டிக் அமிலத்தை உண்டாக்குகின்றன. அந்தப் புளிப்பில் தீய கிருமிகள் பல வளர்வதில்லை. இதுவே முதற் காவல்.

இரண்டாவது காவலும் உண்டு. பசும்பாலின் புரதத்தில் ஏறக்குறைய 80 விழுக்காடு கேசின் ஆகும். பாக்டீரியாக்கள் வளர அமினோ அமிலங்கள் தேவை. அவற்றைப் பெற, கேசினைத் தம் நொதியால் வெட்டுகின்றன. கேசினின் ஒரு வகை, 199 அமினோ அமிலங்கள் கோத்த மாலை போன்றது. மாலையை அறுத்தால் சிறு சரங்கள் உதிர்வதுபோல, அதிலிருந்து பெப்டைடு எனும் துணுக்குகள் கிடைக்கின்றன. அவற்றுள் சில, கிருமிகளின் மேலுறையைச் சிதைக்கும் ஆற்றல் பெற்றவை.

2006ஆம் ஆண்டு அயர்லாந்தின் மூர்பார்க் உணவு ஆராய்ச்சி நிலைய அறிஞர்கள், லாக்டோபேசில்லஸ் அசிடோஃபிலஸ் என்னும் பாக்டீரியாவைக் கேசினில் வளர்த்து, இத்தகைய துணுக்குகளைப் பிரித்தெடுத்தனர். கேசிசின் ஏ என்று பெயரிடப்பட்ட துணுக்கில் 9 அமினோ அமிலங்களே உள்ளன. பால்மாவில் சில வேளைகளில் காணப்பட்டு, பச்சிளங் குழந்தைகளுக்கு ஆபத்து விளைவிக்கும் சாகசாக்கி என்ற கிருமியை அது ஆய்வுக்கூடத்தில் அடக்கியது. சிசுக்களின் உணவைக் காக்க இயற்கையான ஒரு வழி பிறக்கலாம் என்ற நம்பிக்கையை அது தந்தது.

ஆயினும் அன்பர்கள் ஒன்றை மறவாதிருக்க வேண்டும். அது தனியே பிரித்தெடுத்த துணுக்கின் வலிமை. ஒரு குவளைத் தயிர் மருந்தாகிவிடாது. மேலும், தயிரில் பல மடங்கு நீர் ஊற்றும்போது புளிப்பும் குறைகிறது, துணுக்குகளும் நீர்த்துப் போகின்றன. நீரும் பனிக்கட்டியும் தூய்மையற்றவையாயின், அவற்றின் கிருமிகளைத் தடுக்க மோரில் போதிய காவல் இராது.

எனவே பந்தலில் தொண்டு செய்வோர் கொதிக்க வைத்து ஆறிய நீரையே பயன்படுத்துக. குடிநீரால் செய்த பனிக்கட்டியையே இடுக. மோரைச் சிறிது சிறிதாகக் கலந்து, மூடி வைத்து, விரைவில் வழங்குக. அகப்பையைக் கையோடு பாத்திரத்தில் அமிழ்த்தாதீர்கள்.

வெயிலில் வெறுங்காலுடன் நடந்து வரும் பக்தர், நம்மை நம்பியே அந்தக் குவளையை வாங்கிப் பருகுகிறார். அந்த நம்பிக்கையைக் காப்பதும் தருமமே.