ஜல்லிக் குவாரியில் கிடைத்த நீலம்

புனேயிலிருந்து அகில்யாநகர் (முன்பு அகமத்நகர்) போகும் சாலையில் இருக்கிறது வாகோலி. இன்று அடுக்குமாடிகள் நெருங்கி நிற்கும் புறநகர். ஆனால் கனிமம் சேகரிப்பவர்களுக்கு இந்தப் பெயரைக் கேட்டதும் நினைவுக்கு வருவது ஒரு நீலக் கல்தான்: காவன்சைட்.

கால்சியம், வனேடியம், சிலிக்கான் மூன்றும் இருப்பதால் வைத்த பெயர். முதலில் கிடைத்தது இங்கே அல்ல, அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், 1967-இல். 1973-இல் புதுக் கனிமமாக முறைப்படி அறிவித்தார்கள். ஓரிகன் படிகங்கள் பொடிப்பொடியானவை. 1980-களின் கடைசியில் வாகோலி குவாரிகளிலிருந்து வெளிவந்த கற்களோ ஒரு சென்டிமீட்டரையும் தாண்டின. சாலைக்கும் கட்டடத்துக்கும் ஜல்லி உடைக்கும் குவாரிகள் அவை. வெடி வைத்துப் பிளந்த பாறை கிரஷருக்குப் போவதற்குள் யார் கண்ணிலாவது பட்டால்தான் கல் பிழைக்கும். பிழைக்காமல் ஜல்லியோடு ஜல்லியாகப் போனது எவ்வளவோ!

வெள்ளை அல்லது வெளிறிய பழுப்பு நிற ஸ்டில்பைட் படிகங்களின் மேல் நீல உருண்டையாக உட்கார்ந்திருக்கும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் உருண்டை அல்ல, நடுவிலிருந்து எல்லாப் பக்கமும் நீட்டிய ஊசிகள், கடம்பம்பூவைப் போல. சாயம் தோய்த்தார்களோ என்று சந்தேகம் வரும் அளவுக்கு அடர்ந்த நிறம். அந்த நிறத்துக்குக் காரணம் வனேடியம்தான்.

இத்தனை அரிதாக இருப்பதற்குக் காரணமும் வனேடியமே. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகப் பரவி ஆறியதுதான் தக்காணத்தின் கருங்கல் பாறை. அதில் வாயுக் குமிழிகள் விட்டுப்போன பொந்துகளிலும், நொறுங்கிச் சேர்ந்த அடுக்குகளின் இடுக்குகளிலும் பின்னாளில் சுடுநீர் புகுந்து, பாறையைக் கரைத்துப் படிகங்களாகப் படிய வைத்தது. கால்சியத்துக்கும் சிலிக்காவுக்கும் அங்கே பஞ்சமில்லை. ஆகவே ஸ்டில்பைட்டும் ஹியூலண்டைட்டும் மகாராஷ்டிரத்தில் தாராளம். வனேடியமோ பத்து லட்சத்தில் சில நூறு பங்குதான், அதுவும் பெரும்பாலும் இரும்புக் கனிமங்களுக்குள் ஒளிந்திருக்கும். அதை நீர் வெளியே இழுக்க வேண்டும். ஆக்சிஜன் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. இந்தப் பக்குவம் எல்லாப் பொந்திலும் அமைந்துவிடாது.

காவன்சைட்டுக்கு ஓர் உடன்பிறப்பும் உண்டு: பென்டகோனைட். இதையும் ஓரிகனில்தான் முதலில் கண்டார்கள், பிறகு வாகோலியிலும் கிடைத்தது. இரண்டுக்கும் வேதி வாய்பாடு ஒன்றே, அணுக்கள் அடுக்கியிருக்கும் விதம்தான் வேறு. பென்டகோனைட் படிகங்கள் ஐந்தைந்தாக ஒட்டி வளர்வதால் குறுக்கே வெட்டிப் பார்த்தால் ஐந்து முனை நட்சத்திரம் தெரியும். இரண்டில் இதுவே இன்னும் அரிது.

காவன்சைட்டை மோதிரத்தில் பதிக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். மோஸ் அளவுகோலில் இதன் கடினம் 3 முதல் 4 வரைதான், கத்தி முனையே கீறிவிடும். ஊசிகளும் எளிதில் உதிரும். பாறையோடு சேர்த்து அப்படியே வைத்துப் பார்ப்பதற்கான கல் இது. வாங்குவதானால் உருண்டையின் அடிப்பக்கத்தை லென்ஸில் பார்த்துவிடுங்கள். உதிர்ந்த உருண்டையை வேறு ஸ்டில்பைட் துண்டில் பசை போட்டு ஒட்டி விற்பதும் சந்தையில் நடக்கிறது.