எந்தச் சண்டை என்று கேளுங்கள்

'உங்கள் ஆபீசில் சண்டை உண்டா?' என்று மொட்டையாகக் கேட்டால் வரும் பதிலால் பயனில்லை. அமெரிக்க ஆய்வாளர் கேரன் ஜென், சரக்குப் போக்குவரத்து நிறுவனம் ஒன்றின் 105 குழுக்களை ஆராய்ந்து 1995-இல் வெளியிட்ட கட்டுரையில் இந்தக் கேள்வியை இரண்டாகப் பிரித்தார். வேலை விஷயத்தில் எவ்வளவு அடிக்கடி கருத்து மாறுபடுகிறீர்கள் என்பது ஒன்று. உங்களுக்குள் உரசலும் கோபமும் எவ்வளவு என்பது மற்றொன்று. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். யார் எதைச் செய்வது என்ற பொறுப்புத் தகராறு, 1997-இல் மூன்றாவது வகையாகச் சேர்ந்தது. 1995 ஆய்வில், ஆள்மேல் வரும் கசப்பு வேலையில் உள்ள திருப்தியைக் குலைத்தது. வேலை பற்றிய வாதமோ தினமும் ஒரேமாதிரி நடக்கும் வேலையில் கெடுதல் செய்தது. யோசித்துச் செய்ய வேண்டிய வேலையில் அப்படிக் கெடுக்கவில்லை, சில இடங்களில் உதவவும் செய்தது.

பிரித்தென்ன லாபம் என்று கேட்கலாம். டி ட்ரூ, வைன்கார்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 2003-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இரண்டு வகையுமே குழுவின் செயல்திறனைக் குறைப்பதாகத்தான் தெரிந்தது. வலுவான ஆட்சேபம்தான். ஆனால் ஒன்று மற்றொன்றாக மாறுவது எவ்வளவு சுலபம்! "இந்தக் கணக்கு ஒத்துவரலையே சார்" என்பது வேலை பற்றிய பேச்சு. "நீங்க போட்ட கணக்கு என்னைக்கு ஒத்துவந்திருக்கு?" என்று பதில் வந்தால் கணக்கு போய்விட்டது, ஆள்தான் மிச்சம். 116 ஆய்வுகளைத் திரட்டிய 2012-ஆம் ஆண்டுத் தொகுப்பு இதற்கு இசைவாகவே இருக்கிறது: இரண்டும் பின்னிக்கொள்ளாத குழுக்களில் வேலை பற்றிய வாதம் அவ்வளவு பாதகமாக இல்லை. பிரித்து அளக்காமல் இதைக் கண்டிருக்கவே முடியாது.

இந்த மதிப்பெண் வெறும் மனப்பதிவுதானே என்பாரும் உண்டு. உண்மைதான். என்றாலும் கசப்பை மனப்பதிவாக அன்றி வேறெப்படி அளப்பது? என் குறை வேறு இடத்தில்: சராசரி. ஐந்து பேரில் நால்வர் 1 போட, ஒருவர் மட்டும் 5 போட்டால் சராசரி 1.8. அமைதியான குழு என்று அறிக்கை எழுதிவிடலாம். ஜென்னும் வேறு இருவரும் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், மோதலை உறுப்பினர்கள் இப்படி வெவ்வேறாகப் பார்க்கும் குழுக்களில் செயல்திறன் குறைந்திருந்தது. ஆகவே இந்த மதிப்பெண்களைத் திரட்டுபவர் சராசரியோடு, மிகக் கூடிய மதிப்பெண்ணுக்கும் மிகக் குறைந்ததற்கும் உள்ள இடைவெளியையும் குறித்துக்கொள்ள வேண்டும். மேலதிகாரியின் மதிப்பெண்ணை மற்றவர்களுடையதோடு கலக்காமல் தனியாக வைப்பதும் நல்லது.