அயோடின் அளவு மீறினால்

தைராய்டு சுரப்பி ஹார்மோன் செய்ய அயோடின் கட்டாயம் வேண்டும். தைராக்ஸின் மூலக்கூறு ஒவ்வொன்றிலும் நான்கு அயோடின் அணுக்கள் இருக்கின்றன. ஆனாலும் தேவைப்படுவது மிகச் சிறிய அளவுதான்: பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம், கர்ப்பிணிகளுக்கு 250. அது குறைந்தால் முன்கழுத்துக் கழலை வரும், கருவிலிருக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சி தடைபடும் என்பதைப் பலரும் அறிவர். மிகுந்தாலும் அதே சுரப்பி பழுதுபடும் என்பது போதிய அளவு பேசப்படுவதில்லை.

1948இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வோல்ஃப், சைகாஃப் இருவரும் எலிகளுக்கு அதிக அளவு அயோடைடு செலுத்திப் பார்த்தனர். ஹார்மோன் உற்பத்தி கூடவில்லை. ஏறக்குறைய நின்றே போனது. ரத்தத்தில் அயோடின் பெருகும்போது சுரப்பி செய்துகொள்ளும் தற்காப்பு இது. ஆரோக்கியமான சுரப்பி சில நாள்களில் மீண்டுவிடும். அயோடினை உள்ளே இழுக்கும் புரதங்களை அது குறைத்துக்கொள்கிறது. உள்ளிருக்கும் அயோடின் தணிந்ததும் வேலை மறுபடி தொடங்குகிறது.

எல்லோருடைய சுரப்பிக்கும் இந்த மீளும் திறன் இல்லை. ஹாஷிமோட்டோ எனும் தன்னெதிர்ப்புத் தைராய்டு அழற்சி உள்ளவர்கள், பிரசவத்துக்குப் பின் தைராய்டு அழற்சி வந்த பெண்கள், கதிரியக்க அயோடின் சிகிச்சை பெற்றவர்கள் ஆகியோருக்குத் தடை நீடித்து, ஹார்மோன் குறைபாடாக மாறக்கூடும். சோர்வு, எடை கூடுதல், மலச்சிக்கல், குளிர் தாங்காமை எல்லாம் அதன் அறிகுறிகள். கருவிலிருக்கும் சிசுவுக்கும் குறைமாதக் குழந்தைக்கும் இத்திறன் முழுமையாக வந்திருக்காது. குறைமாதக் குழந்தையின் மெல்லிய தோலில் போவிடோன் அயோடின் மருந்தைத் தாராளமாகத் தடவுவதுகூடத் தைராய்டைப் பாதிக்கலாம் என்பதால் அங்கே தனிக் கவனம் தேவை.

நீண்டகால மிகைக்குச் சிறந்த சான்று ஜப்பானின் ஹொக்கைடோ கடற்கரை. கோம்பு என்னும் கடற்பாசியை நாள்தோறும் ஏராளமாக உண்ட மீனவக் குடும்பங்களில் கழலை பரவலாக இருந்ததை 1960களில் ஜப்பானிய மருத்துவர்கள் பதிவு செய்தனர். பாசியைக் குறைத்ததும் சிலருக்குக் கழலை சுருங்கியது.

ஹார்மோன் குறைவதற்கு நேர்மாறான விளைவும் உண்டு. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா தீவில் அயோடின் பற்றாக்குறையைப் போக்க 1966இல் ரொட்டியில் பொட்டாசியம் அயோடேட் சேர்த்தார்கள். அடுத்த ஆண்டே தைராய்டு மிகைச் சுரப்பு நோயாளிகள் பெருகினர், பெரும்பாலோர் வயதானவர்கள். பல்லாண்டுப் பற்றாக்குறையில் அவர்களின் சுரப்பியில் முடிச்சுகள் உருவாகி, மூளையின் கட்டுப்பாட்டுக்கு அடங்காமல் தாமாகவே இயங்கத் தொடங்கியிருந்தன. அயோடின் கிடைத்ததும் அவை ஹார்மோனைக் கொட்டின. விளைவு படபடப்பு, கைநடுக்கம், உடல் மெலிவு. முதியவர்களுக்கு இதயத்துடிப்பு தாறுமாறாவதுதான் இதில் பெரிய ஆபத்து.

சீனாவில் அயோடின் அளவு வேறுபட்ட மூன்று ஊர்களின் மக்களை ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2006இல் வெளியானது. சற்றே பற்றாக்குறை இருந்த ஊரில் 0.2 சதவீதம் பேருக்கே அறிகுறியற்ற தைராய்டு குறைபாடு புதிதாக வந்தது. தேவைக்கு மேல் கிடைத்த ஊரில் அது 2.6, மிக அதிகமாகக் கிடைத்த ஊரில் 2.9. தன்னெதிர்ப்புத் தைராய்டு அழற்சியும் இதே போக்கில் உயர்ந்தது.

இதைப் படித்துவிட்டு அயோடின் உப்பைக் கைவிடுவது பெரும் தவறு. இந்தியச் சட்டப்படி வீட்டுக்கு வரும் உப்பில் கிலோவுக்குக் குறைந்தது 15 மில்லிகிராம் அயோடின் இருக்க வேண்டும். அந்த உப்பில் 10 கிராம் தருவது 150 மைக்ரோகிராம். அமெரிக்க வல்லுநர்கள் வகுத்த உச்சவரம்போ நாளொன்றுக்கு 1,100 மைக்ரோகிராம். பற்றாக்குறை குழந்தையின் அறிவுத்திறனையே பறிக்கும். மிகையின் தீங்குகள் பெரும்பாலும் கண்டறிந்து சரிசெய்யக்கூடியவை. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

உண்மையான மிகை வேறு வழிகளில் வருகிறது. இதயத்துடிப்புக் கோளாறுக்குத் தரும் அமியோடரோன் மருந்தின் எடையில் 37 சதவீதம் அயோடின். 200 மில்லிகிராம் மாத்திரையில் சுமார் 75 மில்லிகிராம். இம்மருந்து உடலின் கொழுப்பில் தங்குவதால், நிறுத்திய பின்னும் மாதக்கணக்கில் அதன் விளைவு தொடரும். சிடி ஸ்கேன், ஆஞ்சியோகிராம் எடுக்கும்போது ஏற்றும் சாய மருந்திலும் அயோடின் மிகுதி. எடை குறைக்கும் என்று விற்கப்படும் கெல்ப் என்னும் கடற்பாசி மாத்திரைகளில் எவ்வளவு இருக்கிறது என்பது பல நேரங்களில் உறுதியாகத் தெரியாது. தைராய்டு கோளாறு உள்ளவர்கள் அவற்றைத் தவிர்ப்பதே நல்லது. அமியோடரோன் சாப்பிடுவோர் அதைத் தாமாக நிறுத்தக் கூடாது. தொடங்குமுன் ஒருமுறையும் பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் தைராய்டின் இயக்கத்தைக் காட்டும் டிஎஸ்எச் பரிசோதனை செய்யும்படி மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.